அம்மாவோடு ஒரு கரையோரப் பயணம்: வைத்தீஸ்வரன் கோயில் முதல் தரங்கம்பாடி வரை

மார்ச் 4, 2025, செவ்வாய் – வைத்தீஸ்வரன் கோயில்

அம்மாவுக்குக் கிளாகோமா. கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துவிடும் நோய். பெரும்பாலும் வலி இருக்காது. முதலில் போவது ஓரப் பார்வை என்பதால் ரொம்ப நாளைக்கு ஒன்றும் தெரியாது. படியில் தடுக்குவது, பக்கத்தில் வரும் ஆளின் மேல் இடிப்பது என்று ஆரம்பித்ததை வயசுக் கோளாறு என்றே எல்லோரும் நினைத்தோம். ஆஸ்பத்திரிக்குப் போனபோது வலது கண் ஏறக்குறைய முடிந்திருந்தது. இடது கண்ணில் நடுவில் ஒரு சின்ன வட்டம் மிச்சம். செத்த நரம்பு திரும்ப முளைக்காது. சொட்டு மருந்து இருப்பதைக் காப்பாற்றும், போனதைக் கொண்டுவராது என்று டாக்டரம்மா நிதானமாக, இரண்டு தடவை சொன்னார்.

அதைக் கேட்டு வந்த நாளிலிருந்து நான் தினமும் ராத்திரி செல்போனில் புது ஆராய்ச்சிகளைத் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா காலண்டரைத் தேடினார். "ஒரு செவ்வாக்கிழமை வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போகணும்டி" என்றார்.

செவ்வாய் என்றால் இங்கே எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். அங்காரகன், அதாவது செவ்வாய் கிரகத்தின் தலம், கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள், கடன்காரர்கள், நிலத் தகராறுக்காரர்கள், நோயாளிகள் எல்லோரும் ஒரே வரிசையில். சுவாமி பெயரே வைத்தியநாதர். தையல்நாயகி கையில் தைலப் பாத்திரம். 4,448 வியாதிக்கும் இங்கே மருந்து என்பது பழைய நம்பிக்கை.

வாசலில் உப்பும் மிளகும் கலந்த பொட்டலம் இருபது ரூபாய், வெல்லம் தனி. சித்தாமிர்தக் குளத்தில் வெல்லத்தைக் கரைத்தால் அது கரைவதுபோல நோயும் கரையும் என்பார்கள். அம்மா படியில் உட்கார்ந்து, வெல்லக்கட்டியைத் தண்ணீருக்குள் கையிலேயே பிடித்துக்கொண்டு, முழுசாகக் கரையும்வரை அசையவில்லை. பக்கத்தில் ஒரு புதுப்பெண் தன் கட்டியை வீசிவிட்டு எழுந்துபோனாள். எனக்குப் பொறுமை போய், "என்னம்மா வேண்டிக்கிட்டே இவ்வளவு நேரம்?" என்று கேட்டேன். "கரையறதக் கையில உணர முடியுது. அதான் வச்சிருந்தேன்" என்றார்.

உள்ளே இருட்டு. கிளாகோமாக்காரர்களுக்கு இருட்டு பெரிய சோதனை. மிச்சமிருக்கும் அந்த வட்டத்துக்குள் விளக்கைக் கொண்டுவர அம்மா தலையை மெல்ல இடமும் வலமும் அசைத்துத் தேடுவார். குருக்களுக்கு அது புரிந்துவிட்டது. வரிசை நெருக்கித் தள்ளியும் அவர் அவசரப்படாமல் தீபாராதனைத் தட்டைக் கொஞ்சம் மேலே, கொஞ்சம் இடப்பக்கம் என்று நகர்த்தினார். "கிடைச்சிருச்சுங்க" என்று அம்மா சொன்ன பிறகுதான் அடுத்தவரிடம் போனார். எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்துவிட்டது.

கோயிலில் மருந்துப் பிரசாதமாகத் தரும் திருச்சாந்து உருண்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் நாடி ஜோதிடத் தரகர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கட்டைவிரல் ரேகை வைத்தால் போதும், அம்மாவின் கண்ணுக்குப் பரிகாரம் ஓலையிலேயே எழுதியிருக்கும் என்றார் ஒருவர். அம்மா அவரிடம் கோபப்படவில்லை. "என் கண்ணுக்கு என்ன ஆச்சுன்னு படம் போட்டுக் காட்டிட்டாங்கப்பா. நீ வெயில்ல நிக்காத" என்று சொல்லி நடந்தார்.

இட்லி, கொத்சு, ஒரு ரவா தோசை, இரண்டு காப்பி, 170 ரூபாய். கொத்சு பிரமாதம்.

மார்ச் 5, புதன் – வேளாங்கண்ணி

மயிலாடுதுறையில் பஸ் மாறினோம். சம்பா அறுப்பு முடிந்து, வயலெல்லாம் உளுந்தும் பயறும். ரோட்டோரம் வைக்கோல் கட்டுகள். அம்மா ஜன்னலைத் திறந்துவைத்து, வாசனையை வைத்தே "இது வைக்கோல், இது சேறு, இப்ப உப்பு வந்திருச்சு பாரு" என்று சொல்லிக்கொண்டு வந்தார். காரைக்கால் தாண்டும்போது காரைக்கால் அம்மையார் பேச்சு வந்தது. அறுபத்து மூவரில் அம்மையார் ஒருவர்தான் உட்கார்ந்த கோலத்தில் இருப்பார். இளமையையும் அழகையும் தானே வேண்டாம் என்று சொல்லிப் பேயுரு கேட்டு வாங்கியவர். "எல்லாரும் குடு குடுன்னு கேக்குற சாமிகிட்ட, எடுத்துக்கோன்னு கேட்டாளே, அந்த மனசு யாருக்கு வரும்" என்றார் அம்மா. எனக்கு வராது என்று சொன்னேன். "எனக்கும் வராது. என்கிட்ட கேக்காமத்தான எடுத்துக்கிட்டாரு" என்றார்.

வேளாங்கண்ணியில் அறை 900 ரூபாய். சுத்தமான அறை, ஆனால் ஃபிரிட்ஜ் இல்லை. அம்மாவின் சொட்டு மருந்தில் ஒன்று சூட்டில் கெட்டுவிடும். லாட்ஜில் கேட்டால் சமையலறை கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். எதிரே ஒரு டீக்கடை. பால் பாக்கெட் வைக்கும் சின்ன ஃபிரிட்ஜ் ஒன்று கண்ணில் பட்டது. கேட்டதும் கடைக்காரர் ஒரு டம்ளரைக் கழுவித் துடைத்து, அதற்குள் மருந்தை நிறுத்தி, பாலுக்குப் பின்னால் வைத்தார். "எத்தனை மணிக்கு வேணும்மா?" என்று கேட்டார். ராத்திரி ஒன்பது. "கடை பத்து வரைக்கும் இருக்கும். மறந்தாலும் நானே கொண்டாந்து தர்றேன்."

அன்றைக்குச் சாம்பல் புதன் என்பது கோயிலுக்குள் போன பிறகுதான் தெரிந்தது. நாற்பது நாள் தவக்காலத்தின் முதல் நாள். போன வருஷத்துக் குருத்தோலைகளை எரித்த சாம்பலால் நெற்றியில் சிலுவை போடுகிறார்கள். மனிதன் மண், மண்ணுக்கே திரும்புவான் என்று நினைவூட்டும் சடங்கு. அம்மாவும் வரிசையில் நின்றார். முந்தின நாள் கோயிலில் வாங்கிய விபூதி அவர் நெற்றியில் பட்டையாக இருந்தது. இளவயதுப் பாதிரியார் ஒரு கணம் பார்த்துவிட்டு, அந்தப் பட்டையைக் கலைக்காமல் அதற்குக் கீழே, புருவ மத்தியில், சின்னதாகச் சிலுவை இட்டார். அந்தப் பக்குவத்தை நான் மறக்கமாட்டேன்.

கடைகளில் தகட்டில் செய்த கண், கை, கால், வீடு, தொட்டில் எல்லாம் இருக்கும். வேண்டுதலுக்கு ஏற்ப வாங்கிக் காணிக்கை போடுவார்கள். கண்மலர் ஒரு ஜோடி முப்பது ரூபாய். அம்மா விரலால் தடவிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். "யாருக்கும்மா நேந்துக்கிறீங்க? உங்களுக்கா?" என்று கடைப்பெண் கேட்டாள்.

"எங்க டாக்டரம்மாவுக்கு."

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா சில்லறையை எண்ணிக்கொண்டே சொன்னார்: "அந்தப் பிள்ளை காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அந்த மிஷின்ல கண்ண வச்சுப் பார்த்துக்கிட்டே இருக்கு. அது கண்ணு நல்லா இருந்தாத்தான வர்றவங்களுக்கு எல்லாம் பார்க்க முடியும்."

மதுரைக்காரர்களுக்கு டாக்டர் வெங்கடசாமியின் கதை தெரிந்திருக்கும். இளவயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போனவர். பிரசவ மருத்துவராக வேண்டும் என்று இருந்தவர், அது முடியாது என்றானதும் கண் மருத்துவத்துக்கு வந்து, அதே கோணல் விரல்களால் கத்தி பிடிக்கப் பழகினார். ஒரு லட்சத்துக்கும் மேல் கண் அறுவை செய்தார். 1976-ல் ஓய்வு வயதுக்கு அப்புறம் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அரவிந்தரிடம் ஆழ்ந்த பக்தி கொண்டவர். அந்த விரல்கள் கடைசிவரை நேராகவில்லை. கண்மலரைக் காணிக்கைப் பெட்டியில் அம்மா போடும்போது அவர் நினைவுதான் எனக்கு வந்தது.

சாயங்காலம் பழைய மாதா கோயில் பக்கம் போகிற மணல் பாதையில் முழங்காலிட்டுப் போகிறவர்களைப் பார்த்தோம். ஒரு அப்பா, காலில் துணி சுற்றிக்கொண்டு, பக்கத்தில் நடக்கும் சிறு பெண்ணின் கையைப் பிடித்தபடி. அந்தப் பெண்ணின் ஒரு காலில் இரும்புப் பட்டை. இந்த ஊரின் கதையிலேயே கால் ஊனமான மோர்க்காரச் சிறுவன் ஒருவன் வருவான். மாதா காட்சி தந்து அவன் எழுந்து ஓடினான் என்பார்கள். எழுந்து ஓடாத பிள்ளைகளின் அப்பாக்களும் வருஷா வருஷம் இங்கேதான் வருகிறார்கள்.

ராத்திரி மருந்து வாங்கப் போனபோது டீக்கடையில் கூட்டமில்லை. கடற்கரை எவ்வளவு தூரம் என்று அம்மா கேட்க, பேச்சு 2004 சுனாமிக்குப் போய்விட்டது. டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு. யாத்திரைக்கு வந்தவர்கள் கடற்கரையில் நிறைந்திருந்த காலை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கடைக்காரரின் மனைவியும் சின்ன மகனும் அதில் போனார்கள். பெரியவன் திருச்சியில் படித்துக்கொண்டிருந்ததால் பிழைத்தான்.

"கோயிலுக்குள்ள தண்ணி வரல, அற்புதம்னு அப்ப எல்லாரும் பேசுனாங்க. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரியும். ரொம்ப நாள் உள்ளயே போகல. சாமின்னு யாராச்சும் சொன்னா எழுந்து போயிருவேன்."

"அப்புறம் எப்படி?" என்று அம்மா கேட்டார்.

"ஒரு நாள் விடிகாலம்பற மணி அடிச்சுச்சு. கடையைத் திறந்து வச்சிட்டு அப்படியே போயிட்டேன். உக்காந்தேன். எதுவும் கேக்கல. இன்னிக்கு வரைக்கும் எதுவும் கேட்டதில்லம்மா. டெய்லி போவேன், கொஞ்ச நேரம் உக்காருவேன், வந்து பால் காய்ச்சிருவேன்."

சுனாமி பாவத்துக்குத் தண்டனை என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். பிழைத்தவர்களைக் கடவுள் தேர்ந்தெடுத்தார் என்று சொன்னவர்களையும் தெரியும். இரண்டுமே கொடுமையான பேச்சு என்று நினைக்கிறேன். இந்த மனுஷர் எந்த விளக்கத்தையும் தேடாமல், நடந்ததை நடந்ததாகவே வைத்துக்கொண்டு, அந்தக் கோயிலுக்கு முன்னாலேயே கடை நடத்துகிறார். எங்களிடம் டீக்குக் காசு வாங்க மறுத்தார். அம்மா விடவில்லை, இருபத்து நாலு ரூபாயை டம்ளருக்குக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

மார்ச் 6, வியாழன் – நாகூர்

காலையில் நல்ல வெயில். மதியம்வரை அறையிலேயே இருந்துவிட்டு, மூன்று மணிக்கு மேல் நாகூர் புறப்பட்டோம். ரம்ஜான் நோன்பு தொடங்கிய முதல் வாரம். தெருவில் ஹோட்டல்கள் பாதி மூடிக் கிடந்தன. வாடா சாப்பிட வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். இறால் வைத்துப் பொரிக்கும் நாகூர் வாடா. சாயங்காலம் வாங்க என்றார்கள். சரி என்று தர்காவுக்கு நடந்தோம்.

ஐந்து மனாராக்கள், அதாவது தர்காவின் உயரமான கோபுரங்கள். அவற்றில் 131 அடி உயரப் பெரிய மனாரா தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக் கொடுத்தது. நாயக்க மன்னர் அச்சுதப்பரின் நோயை இங்கே அடங்கியிருக்கும் ஞானி ஷாகுல் ஹமீது, ஜனங்கள் சொல்லும் நாகூர் ஆண்டவர், தீர்த்தார் என்பது இங்குள்ள நம்பிக்கை. மதம் பார்க்காமல் ஜனங்கள் வருவதற்கு இது ஒரு காரணம். வியாழக்கிழமை என்பதால் வெளியூர்க்காரர்கள் நிறைய. மயிலிறகுக் கட்டால் அம்மாவின் தலையில் தடவி ஓதினார் ஒரு பெரியவர். தட்டில் என்ன போடுவது என்று நான் கையைத் துழாவுவதற்குள், "இருந்தா போடுங்க, இல்லாட்டிப் பரவால்ல" என்று அவரே சொல்லிவிட்டார். இருபது ரூபாய் போட்டேன்.

உள்முற்றத்தில் ஒரு பெண் தன் தம்பியோடு உட்கார்ந்திருந்தார். முப்பது வயதிருக்கும் தம்பிக்கு. தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். மனநோய். "ஆண்டவர்கிட்ட வந்து தங்கியிருக்கோம்" என்றார் அக்கா. மருந்து உண்டா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். மடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். "வீட்டுல இருந்தா துப்பிருவான். இங்க வந்து, ஆண்டவர் குடுக்கச் சொன்னாருன்னு சொன்னா முழுங்கிக்கிறான்."

2001 ஆகஸ்டில் ராமநாதபுரம் பக்கம் ஏர்வாடியில், தர்காவை நம்பிக் கொண்டுவந்த மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள். அப்போது நாடே அதிர்ந்தது. பக்தியைக் காட்டி மருந்தைத் தள்ளிவைப்பதை என்னால் ஒருநாளும் ஏற்க முடியாது. இந்த அக்கா இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறார். அவருடைய தம்பி முழுக்கக் குணமாவான் என்று அவர் சொல்லவில்லை. "தூங்குறான். சாப்பிடுறான். அடிக்கிறதில்ல" என்றார்.

ஆறேகாலைத் தாண்டியதும் நோன்பு திறக்கும் நேரம். அந்த அக்கா எங்களையும் உட்காரச் சொன்னார். வரிசையாகப் பேரீச்சம்பழமும் கஞ்சியும் வந்தன. பரிமாறின பையன், நாங்கள் நோன்பா இல்லையா என்று கேட்கவே இல்லை. அம்மாவின் கையைப் பிடித்துக் கிண்ணத்தில் வைத்து, "சூடு பாட்டி, ஓரமாப் பிடிச்சுக்குங்க" என்றான். வெந்தயமும் பூண்டும் புதினாவும் தேங்காய்ப்பாலுமாக, நாள் முழுக்கப் பட்டினி கிடந்த வயிற்றுக்கென்றே செய்த கஞ்சி. நாங்கள் பட்டினி கிடக்காமலே இரண்டு கிண்ணம் குடித்தோம். வாடாவும் கிடைத்தது, ஒன்று பன்னிரண்டு ரூபாய்.

திரும்பும்போது அம்மாவின் செருப்பைக் காணோம். யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அதே மாதிரி, கொஞ்சம் பெரிய அளவில் ஒரு ஜோடி அங்கே கிடந்தது. இது சின்ன விஷயம் இல்லை. அம்மா தன் செருப்பைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது என்பதால், கட்டைவிரல் வாரில் கம்பளி நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார். காலால் துழாவி அந்த முடிச்சு பட்டால் போட்டுக்கொள்வார். கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, கோயில் எங்கேயும் யார் உதவியும் இல்லாமல் செருப்பை எடுத்துக்கொள்வது அவருக்குப் பெருமை. முதல் தடவையாக இந்தப் பயணத்தில் அவர் முகம் சுருங்கியது. படியில் உட்கார்ந்து, "இத்தனை கோயிலுக்கு வந்தும் ஒரு செருப்பு நிக்க மாட்டேங்குதே" என்று அழுதார். கண் போனதற்கு என் முன்னால் அழாதவர். நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். சொல்ல எதுவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்தார். அலங்கார வாசல் பக்கத்துக் கடையில் 180 ரூபாய்க்குப் புது ஜோடி வாங்கினோம். நூல் விஷயத்தைச் சொன்னதும் கடைக்கார பாய் உள்ளே போய், பெட்டி கட்டும் சணல் கொண்டுவந்து, வாரில் சுற்றி முடிச்சிட்டார். அம்மா காலால் தடவிப் பார்த்து, "குத்துது" என்றார். பாய் முடிச்சைப் பிரித்து, சட்டை தைக்கும் நூலை நாலாக மடித்து மறுபடி சுற்றினார். மூன்றாவது தடவையில் அம்மாவுக்குத் திருப்தி.

மார்ச் 7, வெள்ளி – தரங்கம்பாடி

மதியம் மயிலாடுதுறையில் ரயில். அதற்குள் தரங்கம்பாடி பார்த்துவிடலாம் என்று விடியற்காலையிலேயே கிளம்பினோம். டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டிய கோட்டை, 1706-ல் வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம், எல்லாம் நடக்கும் தூரத்தில். அம்மாவுக்குக் கோட்டையில் ஆர்வமில்லை. மாசிலாமணி நாதர் கோயில்தான் வேண்டும்.

1306-ல் பாண்டியன் குலசேகரன் காலத்தில் எழுந்த கோயில் அது. கடல் ஒவ்வொரு நூற்றாண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக முன்பக்கத்தைத் தின்றுவிட்டது. இப்போது அலைக்கும் கோயிலுக்கும் நடுவே பாறைக் கற்களைக் கொட்டிவைத்திருக்கிறார்கள். கற்கள் வந்ததால் இருப்பது நிற்கிறது, போனது போனதுதான். பூஜை நடக்கிறது.

அம்மா சுவரைக் கையால் தடவிக்கொண்டே நடந்தார். காற்றில் உப்பு, கல்லில் கை வைத்தால் மணல் மாதிரி உதிர்ந்தது. "எதுவரைக்கும் இருந்துச்சாம் முன்னாடி?" என்று கேட்டார். கடலுக்குள் கை காட்டினேன். அவருக்குத் தெரியாது என்பது ஞாபகம் வந்து, "அலை சத்தம் கேக்குது பாரு, அதுக்கும் அந்தப் பக்கம்" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் கேட்டார். "சரி, வா. சாமி இருக்குற இடத்துக்குப் போவோம்" என்றார்.

என்ன வேண்டிக்கொண்டார் என்று பஸ்ஸில் கேட்டேன். இத்தனை கோயிலிலும் ஒரே வேண்டுதல்தானாம். சொட்டு மருந்து விடும்போது கை நடுங்கக் கூடாது. அவ்வளவுதான். எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்து இவ்வளவு சின்னதாகக் கேட்பதா என்று தோன்றியது. ஆனால் யோசித்தால், நடுவில் மிச்சமிருக்கும் அந்த வட்டம் நிற்பது அந்த ஒரு சொட்டில்தான். அம்மா தன் நோயை என்னைவிடச் சரியாகப் புரிந்துவைத்திருக்கிறார்.

ரயிலில் எதிர் இருக்கையில் கும்பகோணத்தில் ஏறின ஒரு தம்பதி. கணவருக்குப் போன மாதம்தான் கிளாகோமா என்று சொன்னார்களாம். அந்தம்மா அழுதுகொண்டே, எந்தக் கோயிலுக்குப் போனால் சரியாகும் என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா பையிலிருந்து திருச்சாந்து உருண்டையை எடுத்துக் கொடுத்தார். அப்புறம் மதியச் சொட்டுக்கு நேரமாகிவிட்டது என்று, அவர்களுக்கு முன்னாலேயே மருந்தை விட்டுக் காட்டினார். தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை விரலால் இழுத்து, ஒரே ஒரு சொட்டு. கண்ணை மூடி, மூக்கு ஓரத்துக் கண் முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிஷம். "இப்படிப் பிடிக்காட்டி மருந்து தொண்டைக்குப் போயிரும். இன்னொரு மருந்து இருந்தா அஞ்சு நிமிஷம் விட்டுத்தான் விடணும். பரம்பரையா வரும்கிறாங்க, உங்க பிள்ளைகளுக்கும் அழுத்தம் பாக்கச் சொல்லுங்க. என் மகளுக்கும் பாத்தாச்சு."

அந்த மனுஷர் அதுவரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவர், தன் மருந்துப் பையை எடுத்தார். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. அம்மாவுக்கு அது தெரியவில்லை; நான் சொன்னேன். "இன்னொண்ணு விடுங்க, பரவாயில்ல" என்றார் அம்மா. அது சரியாக விழுந்தது. அந்தம்மா நோட்டில் நேரங்களை எழுதிக்கொண்டார். பேசிப் பேசித் திருச்சி வந்துவிட்டது. அவர்கள் இறங்கும்போது அம்மாவின் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.